கீழ் அறையில் முடிச்சுப்பூண்டு

மாசி, ஓக்லாந்து
19-10-1986

அன்புள்ள தங்கச்சி ரதிதேவிக்கு அண்ணன் செல்வரத்தினம் எழுதுவது.

நானும் சரோஜாவும் பிள்ளையார் புண்ணியத்தில் நல்ல சுகம். நீயும் பிள்ளை கௌரியும் கொழும்பில் அதேமாதிரி இருப்பீங்கள் எண்டு நம்புறன்.

புது வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஊருக்குப் பேர் மாசி. சம்பலுக்குப் போடுற மாசி இல்லை, ஓக்லாந்துக்கு வடமேற்கில புதுசா வளர்ந்து வாற இடம். மேல் தட்டில மூண்டு அறை. கீழே சீமெந்து போட்ட பெரிய அறை ஒண்டு, பக்கத்தில தனிக் குளியலறை. அது ரதி ஆக்களுக்குத்தான் எண்டு வீடு பார்க்க வந்த அண்டைக்கே உன்ர மச்சாள் சொல்லிப்போட்டா. நாங்கள் இங்க கால் ஊண்டின உடன உங்களைக் கூப்பிட ஸ்பொன்சர் பத்திரம் அனுப்புவன் எண்டு சொன்னதை நான் மறக்கேல்லை.

ஒரு சின்ன அரியண்டம் இருக்கு. இங்க ஆடி மாதம்தான் குளிர்காலம், அதுக்குள்ள வீட்டை வாங்கேக்க பின் வளவு வெறும் தரை. காய்ஞ்ச தடி கொஞ்சம் படுத்துக் கிடந்தது, அவ்வளவுதான். இப்ப வசந்தம் துவங்கினதும் சிவப்பு நிறத்தில முளை தள்ளுது. பெருவிரல் தடிப்பு. மூங்கில் குருத்து மாதிரி. யப்பான் நாட்டுப் பூண்டாம், பேர் நொட்வீட். தண்டில முடிச்சு முடிச்சாய் இருக்கிறதால நான் முடிச்சுப்பூண்டு எண்டு பேர் வைச்சிருக்கிறன். எனக்கு வீட்டை வித்த வெள்ளைக்காரன் குளிர்காலம் பார்த்து வித்ததின்ர காரணம் இப்பத்தான் விளங்குது. கழுத்துப்பட்டி கட்டின கள்ளன்.

பக்கத்து வீட்டில ராம்சாமி எண்டு ஒரு பீஜி இந்தியன். பஸ் ஓட்டுறவன். எங்கட தமிழைக் கடிச்சுத் துப்புவான். வேலிக்கு மேலால தலையை நீட்டி, "அண்ணே, கவுன்சில்ல ஒரு கேள்வி கேட்டுட்டுக் கையை வையுங்க" எண்டான். பத்து வருசம் சாம்பியாவில அரசாங்கக் கணக்குப் பார்த்த எனக்கு, ஒரு பூண்டைப் பிடுங்கக் கவுன்சில் எண்ட நகரசபையின்ர அனுமதி வேணுமாம். ஒரு சனிக்கிழமை வேலை.

கௌரியை நல்லாப் படிக்கச் சொல்லு. 

அன்புடன்
அண்ணன்


வெள்ளவத்தை
8-11-1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கட கடிதம் வந்து வீடு முழுக்க வாசிச்சாச்சு. நானும் கௌரியும் சுகம். இவரும் சுகம். நீங்களும் மச்சாளும் குளிர் தாக்காமல் உடம்பைக் கவனியுங்கோ.

கீழ் அறையில யன்னல் எந்தப் பக்கம் எண்டு கௌரி கேக்கிறாள். படம் கீறி வைச்சிருக்கிறாள், அதில கட்டிலும் தையல் மெசினும் இருக்கு. எண்பத்திமூண்டுக் கலவரத்தில தையல்கடை எரிஞ்ச பிறகு இவர் மற்றவன்ர கடையிலதான் தைக்கிறார். எங்க போனாலும் கை இருக்குத்தானே எண்டுவார். எனக்கு ஆஸ்பத்திரி லாப்பில வழமையான வேலை. இரத்தமும் சலமும் பார்த்துப் பார்த்துக் கண் போகுது.

பத்திரத்துக்கு எங்கட பக்கத்தில என்னென்ன வேணும் எண்டு எழுதினால் இப்பவே எடுத்து வைக்கலாம்.

பூண்டைப் பிடுங்கியாச்சோ?

அன்புத் தங்கச்சி
ரதிதேவி


மாசி
17-1-1987

அன்புள்ள ரதிக்கு,

தைப்பொங்கல் பொங்கினோம். இருவரும் சுகம். நீயும் கௌரியும் சுகமாயிருக்க வேண்டுறன்.

பூண்டைப் பிடுங்கியாச்சோ எண்டு ஒரு வரியில கேட்டிருந்தாய். மண்வெட்டியால வெட்டினன், அலவாங்கால கிண்டினன். வேர் என்கிறது மரவள்ளிக் கிழங்கு மாதிரிக் கீழ போகுது. உள்ள பார்த்தால் கரட் நிறம். பிறகு மண் புரட்டுற மெசின் ஒண்டை வாடகைக்கு எடுத்து, வளவு முழுக்க உழுது தள்ளினன். சரோஜா வாசலில நிண்டு, "ஆரையும் கேட்டிட்டுச் செய்யுங்கோவன்" எண்டா. பெண்டுகளுக்கு எதுக்கும் ஆரையும் கேக்கவேணும். வெட்டின தண்டெல்லாத்தையும் வேலிக்கு அங்கால, பள்ளத்துக்குள்ள எறிஞ்சன். அது ஒருத்தற்ற காணியும் இல்லை.

மூண்டு கிழமை வளவு உழுத வயல் மாதிரி இருந்தது. கூட்டாளி குணரத்தினம் புக்கெகோஹியில இருந்து காரில வந்து பார்த்துப் புகழ்ந்திட்டுப் போனான். நாலாம் கிழமை முளைச்சிட்டுது. முந்தி ஒரு மூலை. இப்ப முழு வளவு. மெசின் துண்டாக்கின ஒவ்வொரு வேரும் ஒரு செடியாய் வந்து நிக்குது. இப்ப என்ர உயரம். இலை வெத்திலை மாதிரி, பார்க்க வடிவு வேற. யப்பான்காரன் காரும் ரேடியோவும் செய்ததோட நிறுத்தியிருக்கலாம்.

ராம்சாமி வேலியில நிண்டு சிரிக்கிறான். சிரிக்கேல்லை எண்டு சரோஜா சொல்லுறா. எனக்குத் தெரியும், அவன் சிரிக்கிறான்.

பத்திரம் விசயமாய் அவசரப்படாதை. வளவு இந்தக் கோலத்தில கிடக்கேக்க ஆக்களைக் கூப்பிடுறது அழகில்லை. இதை ஒருக்கால் முடிப்பம்.

அன்புடன்
அண்ணன்


வெள்ளவத்தை
2-3-1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கட சுகத்தையும் மச்சாளின்ர சுகத்தையும் அறிய ஆசை. நானும் கௌரியும் இருக்கிறம்.

போன செவ்வாய் இவரைக் காலி வீதியில மறிச்சு, அடையாள அட்டையைப் பார்த்திட்டுப் பொலிசுக்குக் கொண்டு போயிட்டினம். விரல் முழுக்க ஊசி குத்தின தழும்பு. என்ன செய்யிறனி எண்டு கேட்டிருக்கினம். தையற்காரன் எண்டால் நம்பேல்லை. அடுத்த நாள் பின்னேரம் கடை முதலாளி போய்ச் சொல்லித்தான் விட்டது. வந்து குளிச்சிட்டு, கௌரியின்ர பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைச்சுக்கொண்டிருந்தார். ஒரே பொத்தானை மூண்டு தரம் பிரிச்சுத் தைச்சார். நான் பார்க்காத மாதிரி இருந்தன்.

அண்ணா, வளவு எப்பிடி இருந்தாலும் எங்களுக்குப் பரவாயில்லை. நாங்கள் வளவில படுக்கப் போறேல்லையே. உங்கட ஒரு கையெழுத்துப் போதும். அங்க வந்தால் மூண்டு பேருமாய் உங்களோட சேர்ந்து அந்தப் பூண்டைப் பிடுங்குவம்.

ரதிதேவி


மாசி
10-5-1987

அன்புள்ள ரதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாடு கெட்டுப்போச்சு, என்ன செய்யிறது. நீயும் கௌரியும் கவனமாயிருங்கோ. இங்க சரோஜாவுக்கு முழங்கால் நோ. எனக்கு இந்தப் பூண்டு நோ.

சொன்னால் நம்பமாட்டாய், சனியன் வீட்டுக்குள்ள வந்திட்டுது. கீழ் அறையில, சீமெந்துத் தரையும் சுவரும் சேருற வெடிப்புக்குள்ளால, கட்டிலுக்குப் பின்னால. கட்டிலை இழுத்துப் பார்த்தால் வெளிச்சம் இல்லாமல் வெள்ளை வெளேரெண்டு ஒரு முளை, புழு மாதிரி நிமிர்ந்து நிக்குது. உங்களை இந்த அறையில கொண்டுவந்து இருத்த எனக்கு மனம் வருமோ, நீயே சொல்லு.

அதுக்கிடையில பள்ளத்துக்குள்ள எறிஞ்ச தண்டு முளைச்சு, ராம்சாமியின்ர பக்கமும் ஏறியிட்டுது. அவன் கார் விடுற சீமெந்துப் பாதை வெடிச்சதாம். கவுன்சிலுக்குச் சொல்லியிருக்கிறான். ஒரு சின்னப் பெடியன் அரைக் காற்சட்டையோட வந்து எனக்குப் பாடம் எடுத்தான். கிண்டக்கூடாதாம், எறியக்கூடாதாம். கோடை முடியிற நேரம், பூண்டு சாப்பாட்டை வேருக்கு இறக்கேக்க, தண்டை வெட்டி உள்ளுக்கு மருந்து பூசவேணுமாம். ஒவ்வொரு தண்டாய். முழங்காலில இருந்து. அதுவும் ஒரு வருசத்தில முடியாதாம். "உன்ர அப்பனுக்கு என்ர வயசிருக்குமோ?" எண்டு கேட்டன். அவன் "ஓம், அவரும் உங்களை மாதிரித்தான் மெசின் பிடிச்சவர்" எண்டிட்டுப் போயிட்டான்.

எப்பிடியும் குளிரில செத்துப்போகும். பிறகு பார்ப்பம்.

அன்புடன்
அண்ணன்


வெள்ளவத்தை
20-7-1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

மச்சாளின்ர முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கோ. நாங்கள் மூண்டு பேரும் சுகம்.

உங்களுக்கு இப்ப குளிர்காலம்தானே. பூண்டு செத்திருக்கும். பத்திரத்தை அனுப்பலாமோ?

ரதிதேவி


மாசி
13-9-1987

அன்புள்ள ரதிக்கு,

இருவரும் சுகம். நீயும் கௌரியும் அப்பிடியே இருக்கவேணும்.

அது சாகேல்லை. நித்திரை. மேல காய்ஞ்ச தடி, கீழ உயிர். இந்த மாதம் திரும்பவும் சிவப்பு முளை கண்டிட்டன். விளக்கம் இல்லாத ஆக்கள்தான் செத்துப்போச்சு எண்டு நினைப்பினம்.

போன கிழமை எங்கட ஆக்களின்ர ஒன்றுகூடல் ஒண்டு இருந்தது. நீ நினைக்கிற மாதிரி இல்லை இந்த ஊர். டொக்டர்மார், எஞ்சினியர்மார், அவையளின்ர பெண்சாதிமார். மண்டபத்துக்குள்ள கால் வைச்சால், மேலும் கீழும் அளப்பினம். என்ன கார், எந்தப் பக்கம் வீடு, சகோதரங்கள் எங்க, என்ன செய்யினம். குணரத்தினம் எல்லாருக்கும் முன்னால கேட்டான், "தங்கச்சியின்ர அவர் என்ன செய்யிறார்?" எண்டு. நான் தேத்தண்ணி எடுக்கிற சாட்டில எழும்பிப் போயிட்டன். இதுக்குள்ள வந்து நின்று நீங்கள் ஏன் சிறுமைப்படவேணும்? உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன். இந்தியாவில கொஞ்ச நாள் போய் இருந்து பார்க்கலாம்.

கீழ் அறையில இப்ப மூண்டு முளை. வெடிப்புக்குச் சீமெந்து பூசினன். அதையும் தள்ளிக்கொண்டு வருது.

அன்புடன்
அண்ணன்


வெள்ளவத்தை
6-11-1987

அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமாயிருக்க வேணும். இதை நான் வழமைக்கு எழுதேல்லை, மனசாரத்தான் எழுதுறன். ஏனெண்டால் இனிக் கொஞ்ச நாளைக்கு எழுதமாட்டன்.

இந்த ஒரு வருசமாய் உங்கட கடிதமெல்லாம் பூண்டுக்கதை. நீளம் தெரியும், நிறம் தெரியும், இலையின்ர வடிவு தெரியும். ஆனால் விநாயகமூர்த்தி எண்டு ஒரு மனுசன் இந்த வீட்டில இருக்கிறார். அவர் சுகமோ எண்டு ஒருக்காலும் நீங்கள் கேட்டதில்லை. பொலிஸ் கொண்டுபோன கதையை எழுதினன். "நாடு கெட்டுப்போச்சு" எண்டு பதில் வந்தது. உங்களுக்கு அந்த யப்பான் பூண்டு, வீட்டுக்குள்ள வந்திட்டுது எண்டு கவலை. எனக்கு விளங்கினது வேற. எங்களை வீட்டுக்குள்ள விடாமல் இருக்க உங்களுக்கு ஒரு பூண்டு தேவைப்பட்டிருக்கு.

அங்க ஆக்கள் அளக்கிறவை எண்டு எழுதியிருந்தீங்கள். ஆளை அளக்கிறது இவருக்குத் தொழில் அண்ணா. எங்கட கலியாணத்துக்கு நீங்கள் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு வராமல் நிண்ட அண்டைக்கே உங்களை அளந்திருப்பார். இண்டைவரைக்கும் எனக்கு அந்த அளவைச் சொன்னதில்லை. இண்டைக்கும் உங்கட கடிதத்தைப் படிச்சுப்போட்டு, "பாவம், வளவு பெரிசு போல" எண்டு மட்டும் சொன்னார்.

பத்திரம் வேண்டாம். இந்தியாவும் வேண்டாம். வளவைப் பாருங்கோ.

ரதிதேவி


மாசி
27-3-1988

அன்புள்ள ரதிக்கு,

சுகமோ? பதில் இல்லை.

நீ ஆத்திரத்தில எழுதினதை நான் பெரிசாய் எடுக்கேல்லை. சின்னனில இருந்தே உனக்கு வாய் நீளம்.

இந்த வீட்டை வித்துப்போட்டு வேற இடம் போவம் எண்டு பார்த்தன். வாங்க வந்தவன் முன் வாசல், மேல் தட்டு எல்லாம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தான். பின் கதவைத் திறந்தான், அப்பிடியே நிண்டான். வெள்ளைப் பூ பூத்து, தேனீ பறந்து, ஏதோ பூங்கா மாதிரி இருந்தது. "நொட்வீட்" எண்டு ஒரு சொல்லுத்தான். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிட்டான். நான் வாங்கேக்க இருந்த மாதிரிக் குளிர்காலத்தில வித்திருக்கலாம். சரோஜா "அப்பிடிச் செய்தால் நான் உங்களோட வரமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டா. இந்த வீட்டில எல்லாரும் எனக்கு நீதவான்.

ராம்சாமி இப்ப கதைக்கிறேல்லை. நல்லது. பஸ் ஓட்டுறவனோட எனக்கென்ன கதை.

பதில் போடு.

அண்ணன்


மாசி
18-9-1988

அன்புள்ள ரதி,

பத்து மாதமாய் உன்னட்டை இருந்து ஒரு வரி இல்லை. கொழும்புச் செய்தியெல்லாம் பேப்பரில வாசிக்கிறன். நீங்கள் எல்லாரும் சுகமோ?

ரதியிட்டை இருந்து கடிதம் வந்ததோ எண்டு சரோஜா ஒவ்வொரு கிழமையும் கேக்கிறா. வந்தது, சுகமாம் எண்டு சொல்லுறன். வேற என்ன சொல்லுறது.

கவுன்சில் பெடியன் திரும்ப வந்தான். இந்த முறை நான் அவன்ர அப்பனை இழுக்கேல்லை. மருந்துப் போத்தலும் சின்னத் தூரிகையும் தந்திட்டு, எப்பிடிப் பூசுறது எண்டு காட்டினான். வாற கோடை முடிவில துவங்கச் சொன்னான். எனக்கு அறுபத்தொண்டு. முழங்காலில நிண்டு பழக்கம் இல்லை.

ஸ்பொன்சர் பத்திரம் எடுத்துக் கையெழுத்து வைச்சிட்டன். மேசையில கிடக்கு. உன்ர விலாசம் அதேதானோ? பதில் கண்டால் அனுப்புவன்.

அண்ணன்
செல்வரத்தினம்


மவுண்ட் வெல்லிங்டன், ஓக்லாந்து
3-4-1989

அன்புள்ள அண்ணாவுக்கு,

மேல இருக்கிற விலாசத்தைத் திரும்ப வாசிக்க வேண்டாம். சரியாய்த்தான் எழுதியிருக்கிறன். நாங்கள் மூண்டு பேரும் சுகமாய் இங்க வந்து ஏழு கிழமை. மச்சாளும் நீங்களும் சுகம் எண்டு தெரியும். எப்பிடித் தெரியும் எண்டு கீழே எழுதுறன்.

உங்களுக்குக் கடிதம் நிப்பாட்டின மாதம், லாப்பில வேலை செய்ய ஆள் தேவை எண்டு நியூசிலாந்து ஆஸ்பத்திரி ஒண்டின்ர விளம்பரம் கண்டு விண்ணப்பம் போட்டன். சோதனை, டெலிபோனில கேள்வி, மெடிக்கல், விசா எல்லாமாய் ஒரு வருசத்துக்குக் கிட்டப் போச்சு. உங்கட கடைசிக் கடிதம் வரேக்க விசா கையில இருந்தது. ஸ்பொன்சர் எண்ட இடத்தில ஆஸ்பத்திரியின்ர பேர். இங்க இரத்தம் கொழும்பு இரத்தம் மாதிரித்தான் சிவப்பு, வேலையில ஒரு கஷ்டமும் இல்லை. இவருக்கு உடுப்புப் பக்டரி ஒண்டில துணி வெட்டுற பகுதியில வேலை. கௌரி இப்பவே எங்களுக்கு இங்கிலீசில பதில் சொல்லுறாள்.

நான் உங்களைப் பார்க்க நினைக்கேல்லை. இவர்தான், "ஒரே ஊரில இருந்துகொண்டு போகாமல் இருந்தால் வடிவில்லை" எண்டு பிடிவாதம். போன சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி மாசிக்கு வந்தம். உங்கட பக்கத்து வீட்டு வாசலில ஒரு மனுசன் கார் கழுவிக்கொண்டு நிண்டார். தமிழ் ஆக்கள் எண்டு கண்டு தண்ணிக் குழாயை நிப்பாட்டினார்.

"யாரைத் தேடுறீங்கம்மா?"

"செல்வரத்தினம் வீடு."

"அட, செல்வாவுக்குச் சொந்தமா? அவருக்கு ஒரே தங்கச்சிதானே? லண்டன்ல டாக்டர்னு சொன்னாரே. மாப்பிள்ளையும் டாக்டராமே. நீங்க அவங்களா?"

நான் வாய் திறக்க முதல் இவர் முந்திக்கொண்டார். "இல்லை ஐயா. நாங்கள் வேற ஒரு செல்வரத்தினத்தைத் தேடி வந்தனாங்கள். வீடு மாறிப் போச்சு."

திரும்பேக்க உங்கட வேலி இடுக்குக்குள்ளால கண்டன். பழைய சாக்கை மடிச்சுப் போட்டு அதில முழங்காலில நிண்டீங்கள். தலை முழுக்க நரைச்சுப் போச்சு. ஒரு கையில போத்தல், மற்றக் கையில தூரிகை. வெட்டின தண்டு ஒவ்வொண்டுக்குள்ளயும், பிள்ளைக்குக் கண்ணில மருந்து விடுற மாதிரிப் பூசிக்கொண்டிருந்தீங்கள். மச்சாள் பின் படியில இருந்து, "அந்தப் பக்கம் ஒண்டு விட்டிட்டீங்கள்" எண்டா. நீங்கள் மறுக்காமல் அந்தப் பக்கம் தவழ்ந்து போனீங்கள்.

பஸ்ஸில வரேக்க எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏன் அப்பிடிப் பொய் சொன்னனீங்கள்? லண்டன் டொக்டர் ஆர் எண்டு அந்த மனுசனுக்குத் தெரியட்டுமன்" எண்டன். இவர் பஸ் டிக்கற்றை மடிச்சுச் சட்டைப்பைக்குள்ள வைச்சார். பிறகு, "ஏற்கெனவே முழங்காலில நிக்கிற மனுசன். பக்கத்து வீட்டுக்காரனுக்கு முன்னால வைச்சு இன்னும் எவ்வளவு குனிய வைக்கிறது, ரதி?" எண்டார்.

அவருக்கு அந்தப் பெரிய மனம் இருக்கு. எனக்கு இல்லை. அதனாலதான் இதை எழுதுறன். இதை எழுதினது அவருக்குத் தெரியாது.

வாற ஞாயிறு மத்தியானம் மச்சாளையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாங்கோ. இவர் நண்டு வாங்கி வைக்கிறன் எண்டார், உங்களுக்கு விருப்பம் எண்டு நான் எப்பவோ சொல்லியிருக்கிறன். ஸ்பொன்சர் பத்திரம் கொண்டு வரவேண்டாம். டொக்டர் எண்டு ஆருக்குச் சொன்னீங்களோ அவைக்கு உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லுங்கோ. நாங்கள் வந்து திருத்தமாட்டம், எங்களுக்கு வேலை இருக்கு.

ஒண்டு மட்டும். வெளிக்கிட முதல் உங்கட சப்பாத்தை அடிவரைக்கும் நல்லாக் கழுவிப்போட்டு வாங்கோ. ஒரு நகத்தளவு வேர் மண்ணோட ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதுமாம் எண்டு என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரி சொன்னவ. இது வாடகை வீடு. பின்னால இவர் கொஞ்சம் கீரை போட்டிருக்கிறார்.

உங்கட வளவில இருந்து எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
ரதிதேவி விநாயகமூர்த்தி